இரண்டு பேர் போட்ட பூஜ்யம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூஜ்யம்.

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. நான்காம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்து அவள் தலை தெரிந்தால் போதும், "பூஜ்யம் வந்தாச்சு" என்று மேஜைக்கு மேஜை தகவல் ஓடும். காதில் விழும். விழாதது மாதிரி போய்விடுவாள். விழுந்தது என்று ஒப்புக்கொண்டால் சண்டை போட வேண்டும், அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் கிடையாது.

வேலை அப்படிப்பட்டது. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க என்று சொல்லி அரசாங்கம் எவ்வளவு பணத்துக்குத் திட்டம் போட்டது, எவ்வளவு செலவழித்தது, அதில் எவ்வளவு உருப்படியாகப் போய்ச் சேர்ந்தது என்று துருவிப் பார்க்கும் மதிப்பாய்வுக் குழு அது. பருவநிலைத் திட்டம் என்ற குடை ஒன்று விரிந்ததும், எல்லாத் துறைகளும் தங்கள் செலவுகளை அள்ளிக்கொண்டு வந்து அதன் கீழே ஒதுங்கிவிட்டன. மொத்தம் ஆயிரத்து நானூறு செலவுகள். ஒவ்வொன்றுக்கும் மார்க். வெள்ளத்தையும் வெயிலையும் தாங்குவதற்கென்றே செய்த செலவா, நூறு. ஓரளவு சம்பந்தம் உண்டா, ஐம்பதோ இருபத்தைந்தோ. சம்பந்தமே இல்லையா, பூஜ்யம். பூஜ்யம் வாங்கிய செலவுக்கு அடுத்த மாதத்திலிருந்து பணம் நிற்கும். 'பசுமை நுழைவாயில்' என்ற பெயரில் ஓர் உயரதிகாரி தன் பங்களா கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்ட செலவுக்கு அவள் பூஜ்யம் போட்டாள். பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

மார்க் போடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், ஒரே செலவுக்கு மார்க் போட வேண்டும். இருவர் மார்க்கும் ஒத்துப்போனால் அதுவே முடிவு. ஒத்துப்போகாவிட்டால் இருவரும் ஜீப்பில் ஏறி, அந்த இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். ஊழலுக்கு இடமில்லாத, அசைக்க முடியாத முறை என்று மூன்று வருடமாக மார்தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி வரைக்கும்.

* * *

கதவைத் தட்டியது அண்ணி. அவள் கணவனின் அக்கா. ஒரு மணி நேரப் பயணம், முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர், தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றியபடி, உள்ளே வரலாமா கூடாதா என்ற மாதிரி நின்றார்.

"உக்காருங்க அண்ணி. வாங்கண்ணா. டீ போடறேன்."

"டீ குடிக்க வரல. உங்க ஆபீஸ்காரங்க எங்க அடுப்புல தண்ணி ஊத்தியிருக்காங்க. அதைக் காட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஒரு கடிதம் மேஜைமேல் விழுந்தது. மகளின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான். அவள் படித்தாள். 'மதிப்பாய்வு அறிக்கை, இணைப்பு நான்கு, வரிசை எண் நூற்றுப் பதினேழின்படி, கரையோரப் புல் வெட்டும் தினக்கூலிகள் அறுபத்துநான்கு பேரின் பணி இம்மாத இறுதியுடன் முடிவுக்கு வருகிறது.'

"புல்லு வெட்டுறதா?" என்றான் கணவன், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. "மாமா நீர்வளத் துறையில அலுவலர்னுதானே சொன்ன?"

"சொன்னேன். கல்யாணத்துல பத்து பேர் கேக்கறாங்க, வேற என்னத்தைச் சொல்றது? இப்ப மானமும் போச்சு, சம்பளமும் போச்சு. சட்டை கருகுது பாரு, முதல்ல அதை எடு."

அண்ணியின் வீட்டுக்காரர் முதன்முறையாக வாயைத் திறந்தார். "தங்கச்சி, அவ பேச்சை விடு. அலுவலரும் இல்ல, கிலுவலரும் இல்ல. கார்டுல புல்லு வெட்டுறவன்னுதான் இருக்கு. ஆனா நாங்க பாக்கற வேலை வேற."

"என்ன வேலைண்ணா?"

"ஆத்துல அளவு கம்பம் நட்டிருக்காங்க இல்ல? ஒரு நாளைக்கு மூணு தடவை தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்து, கட்டுப்பாட்டு அறைக்குப் போன்ல சொல்லணும். மழைக்காலத்துல மணிக்கொரு தடவை. எனக்கு நாப்பத்திரண்டாவது கம்பம். அந்தக் காலத்துல புதுசா ஆள் எடுக்கக் கூடாதுன்னு தடை போட்டிருந்தாங்களாம். புல்லு வெட்டுற கூலிக்கு மட்டும்தான் பணம் இருந்துச்சு. எங்க இன்ஜினியர் அதுலயே எங்களைச் சேத்துட்டார். அவரு ரிட்டயராகிப் போயிட்டார். நாங்க புல்லுக்குள்ளேயே நின்னுட்டோம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட, நாற்காலி அங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லலாம்.

இணைப்பு நான்கு என்பது பூஜ்யம் வாங்கிய செலவுகளின் பட்டியல். அதில் நூற்றுப் பதினேழு நன்றாகவே ஞாபகம் இருந்தது. 'கரையோரப் புல் வெட்டும் கூலி.' நோக்கம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு. வேறு ஒன்றும் இல்லை. புல்லுக்கும் பருவநிலைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று முணுமுணுத்து, சிரித்து, வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டாள். மொத்தம் பதினோரு விநாடி ஆகியிருக்கும். அதில் நாலு விநாடி சிரிப்பு.

"இணைப்பு நாலு இன்னும் பாஸாகலையே," என்றாள். "இன்னிக்கு ரெண்டு மணிக்குத்தான் சட்டமன்றக் கமிட்டி. அதுக்குள்ள எப்படிக் கடிதம்?"

"உங்க அறிக்கை மேல அவ்வளவு நம்பிக்கை போல" என்றாள் அண்ணி. ஊசி இறங்கியது. அண்ணி அத்தோடு நிறுத்தாமல், "இதை யார் பண்ணதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. அந்த மகராசி முகத்தை ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். "பாத்துட்டுதான் இருக்கீங்க அண்ணி."

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "டீ போடு."

* * *

மணி பத்தேகால்.

நான்காம் மாடியில் நிதானம் தன் மேஜையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இரண்டாவது மார்க் போடுபவர் அவர்தான்; நிதானம் என்பதும் பட்டப்பெயர்தான். 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டால் யோசித்துவிட்டு மறுநாள் பதில் சொல்வார் என்று ஒரு பேச்சு உண்டு.

"சார், நூத்திப் பதினேழுக்கு நீங்க என்ன போட்டீங்க?"

அவர் கோப்பைத் தேடினார். எடுத்தார். விரலை எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பூஜ்யம்" என்றார்.

"ஏன்?"

"புல்லு மேடம்."

"நானும் புல்லுன்னுதான் போட்டேன். ரெண்டு பேரும் ஒரே பேப்பரைப் படிச்சு, ஒரே மாதிரி ஏமாந்து, ஒரே மாதிரி சிரிச்சிருக்கோம். நம்ம முறைக்கு அது சரி! நாம சண்டை போட்டாத்தானே ஜீப்பு கிளம்பும்? ஒத்துப்போனா யாருமே போய்ப் பாக்க மாட்டோமே சார்!"

நிதானம் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் கையிலிருந்து பென்சில் நழுவி அவள் பார்த்ததே இல்லை. இப்போதும் நழுவவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள், அண்ணியின் வீட்டுக்காரர் உட்பட. அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"இங்கதான் இடிக்குது. நீங்க போய் 'நூத்திப் பதினேழை விட்டுடுங்க'ன்னு சொன்னா, கத்திரிக்கோல் கேக்கற முதல் கேள்வி, 'அதுல உங்க ஆளு யாரு'ங்கறதாத்தான் இருக்கும்."

கத்திரிக்கோல் என்பது நிதித்துறையின் துணைச் செயலாளர். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் எதை வெட்டலாம் என்று கை துறுதுறுக்கும் மனிதர். இணைப்பு நான்கு அவருக்குப் பிறந்தநாள் பரிசு மாதிரி.

"நான் பேசறேன்" என்றார் நிதானம். "எனக்கு அங்க சொந்தக்காரன் கிடையாது. நீங்க வாயைத் திறக்காதீங்க. விஷயம் முடிஞ்சிரும்."

நல்ல யோசனைதான். ஒரு நிமிடம் அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஊருக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது, யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்புறம் பச்சைப் பெயின்ட் அடித்த கேட் ஞாபகம் வந்தது. அந்த அதிகாரியும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றுதானே நினைத்திருப்பார்?

"வேண்டாம் சார். சொந்தம்னு முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் என்னைப் பாக்க வேணாம், ஆதாரத்தைப் பாக்கட்டும். ஆதாரம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மணி என்ன?"

நிதானம் கடிகாரத்தைப் பார்த்து யோசிப்பதற்குள் அவள் லிஃப்டில் இருந்தாள்.

* * *

வெள்ளக் கட்டுப்பாட்டு அறை என்றதும் சுவர் நிறையத் திரைகள் மின்னும் மண்டபத்தை அவள் எதிர்பார்த்திருந்தாள். அறிக்கையில் படம் அப்படித்தான் இருந்தது. 'தானியங்கி நீர்மட்டக் கருவிகள்' என்ற திட்டம் அது. அறுபத்துநான்கு கம்பங்களிலும் பெட்டி வைத்து, ஆற்றின் அளவு கால் மணிக்கு ஒருதரம் தானாகவே வந்து சேரும் ஏற்பாடு. அவளும் நிதானமும் கண்ணை மூடிக்கொண்டு நூறு போட்ட திட்டம். அதிலும் ஒத்துப்போயிருந்தார்கள்.

உள்ளே மூன்று மேஜை, மூன்று தொலைபேசி, மூன்று பெண்கள். திரை ஒன்று இருந்தது. அதன்மேல் யாரோ ஈரத் துண்டு காயப் போட்டிருந்தார்கள்.

"தானா வர்ற அளவு எங்க வருது?" என்று கேட்டாள்.

மூத்த ஆபரேட்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆடிட்டா?"

"மதிப்பாய்வு."

"ரெண்டும் ஒண்ணுதான், வந்தா டீ கேப்பீங்க. பெட்டி எல்லாம் வச்ச வருஷமே பாதி செத்துப் போச்சும்மா. மீதிப் பாதி போன வருஷம். நாலு தடவை மேல எழுதிட்டோம். 'பராமரிப்பு ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது'ன்னு பதில் வருது. அவ்வளவுதான் வருது, அளவு வரல."

"அப்ப வலைத்தளத்துல நம்பர் மாறிட்டே இருக்கே?"

"காலையில ஆறு, மதியம் பன்னண்டு, சாயங்காலம் ஆறு. அந்த மூணு நேரத்தைத் தவிர எப்பவாவது மாறிப் பாத்திருக்கீங்களா?"

அவள் பார்த்ததில்லை. அந்தத் திட்டத்தை மதிப்பிட நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். ஒரு முழு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்ததில்லை.

சரியாகப் பன்னிரண்டு அடித்ததும் மூன்று போன்களும் ஒன்றாக அலறின.

"சொல்லு ஏழு... ஒண்ணு எண்பது மீட்டர். வை. சொல்லு பத்தொம்பது... என்ன, இருமிட்டே பேசற, மருந்து சாப்பிட்டியா? ரெண்டு பூஜ்யம் அஞ்சு. வை. நாப்பத்திரண்டா? என்னண்ணா, குரல் ஒரு மாதிரி இருக்கு... ரெண்டு பத்து. சரி, வை."

நாற்பத்திரண்டு. காலையில் அவள் வீட்டில் டீ குடித்துவிட்டு, பஸ் பிடித்து, நேராகக் கம்பத்துக்கே போய்விட்டிருக்கிறார் மனிதர். வேலை போகிறது என்று கடிதம் வந்த மறுநாள்.

ஆபரேட்டர்களின் கை ஒரு தடித்த பதிவேட்டில் ஓடியது. கம்பம், போன் நம்பர், நேரம், அளவு, கையெழுத்து. அரை மணியில் அறுபத்துநான்கும் முடிந்தது. பிறகு மூத்தவள் கணினியில் தட்டினாள். உலகமே பார்க்கும் வலைத்தளத்தில் 'தானியங்கி' என்ற தலைப்பின் கீழ் எண்கள் மாறின.

"இந்த ரெஜிஸ்டர் எனக்கு வேணும்" என்றாள் அவள்.

"உங்களுக்குக் குடுத்துட்டா ஆறு மணி அளவை என் கையிலயா எழுதுவேன்?"

"அந்த ஆறு மணிக்குப் போன் அடிக்கணும்னா இது இன்னிக்கு ரெண்டு மணிக்கு கமிட்டியில இருக்கணும்." கடிதத்தைக் காட்டினாள்.

ஆபரேட்டர் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். பின்பு எழுந்து அலமாரியைத் திறந்து, எழுதி முடித்த பழைய பதிவேடுகள் ஆறை எடுத்து, கயிறு போட்டுக் கட்டினாள். "மூணு வருஷத்துது. ஒரு நாள் கூட விட்டிருக்காது. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க" என்றவள், வாசல் வரை வந்து, "கனமா இருக்கும், ஆட்டோவுல போங்க" என்றும் சொன்னாள்.

* * *

இரண்டு மணி. கமிட்டி அறை.

தலைவி முன்னாள் தலைமையாசிரியை. இன்றைக்கும் கூட்டத்தில் யாராவது கொட்டாவி விட்டால் எழுப்பிக் கேள்வி கேட்பார். அவருக்கு வலப்பக்கம் கத்திரிக்கோல், இணைப்பு நான்கைத் தன் முன்னே நேராக வைத்து, பேனாவைத் திறந்து, சாப்பாட்டுக்குத் தயாரானவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவள் எழுந்தாள். பதிவேட்டுக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தலைவர் அவர்களே, அறிக்கைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். இணைப்பு நாலுல நூத்திப் பதினேழு தப்பு. தப்புப் பண்ணது நான். ரெண்டாவது, அந்த அறுபத்திநாலு பேர்ல ஒருத்தர் என் நாத்தனார் வீட்டுக்காரர்."

கத்திரிக்கோல் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அடடா" என்றார். "குடும்பத்துக்குள்ளேயே வெட்டு விழுந்ததும் தப்பு தெரிஞ்சுபோச்சு. பட்டியல்ல இருக்கிற மத்த நூத்திச் சொச்சம் செலவுக்காரங்களுக்கும் உங்க வீட்டுல பொண்ணு குடுத்திருந்தா, இணைப்பு நாலே இருந்திருக்காது போல."

யாரோ சிரித்தார்கள். தலைவி மேஜையைத் தட்டினார். சிரிப்பு நின்றது.

"சொந்தம் இருக்கிறவங்க அந்த விஷயத்துல உள்ள இருக்கக் கூடாது. விதி தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். வெளிய போறேன். மத்ததை இவர் சொல்வார்."

பதிவேட்டுக் கட்டை நிதானத்தின் முன்னால் வைத்தாள். அவர் தொண்டையைக் கனைத்தார். அவள் கதவைத் தாண்டும்போது அந்தக் கனைப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை.

வாசலில் ஒரு பெஞ்சு. பெஞ்சின் முனையில் சீருடை போட்ட வாசல் பணியாளர். இருபது வருடமாக அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே பேசுவது கேட்கும்படி காது பழகியிருந்தது.

"என்ன பேசறாங்க?" என்றாள் அவள், பொறுக்க முடியாமல்.

அவர் கதவுப் பக்கம் தலையைச் சாய்த்தார். "இன்னும் வணக்கம் சொல்லிட்டிருக்கார் மேடம்."

ஐந்து நிமிடம் போனது.

"இப்ப?"

"மார்க் போடற முறை எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்றார். முதல் வருஷத்துல இருக்கார்."

அவள் தலையைச் சுவரில் சாய்த்தாள். அறுபத்துநான்கு குடும்பம், ஆற்றின் இரு கரையிலும் எத்தனை தெருக்கள், எல்லாவற்றையும் கொண்டுபோய் உலகத்திலேயே மெதுவாகப் பேசும் மனிதரின் நாக்கில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"இப்ப நோட்டைத் திறந்துட்டார்" என்றார் பணியாளர், சட்டென்று நிமிர்ந்து. "கத்திரிக்கோல் சார் குறுக்க பேசறார். 'யார் வேணா எழுதலாம், உக்காந்து ஒரே நாள்ல எழுதியிருக்கலாம்'ங்கறார்... இவர் பதில் சொல்லல... யோசிக்கறார்... இன்னும் யோசிக்கறார்..."

அவள் எழுந்துவிட்டாள்.

"ஆங், சொல்லிட்டார். 'நோட்டுல போன் நம்பர் இருக்கு, நீங்களே ஒண்ணு எடுத்துப் பேசிப் பாருங்க'ன்னுட்டார்."

உள்ளே தலைவியின் குரலுக்குப் பணியாளரின் காது தேவைப்படவில்லை. அது இரண்டு வகுப்புக்குக் கேட்டுப் பழகிய குரல். "நாப்பத்திரண்டு வேண்டாம். முப்பத்தொண்ணு. போனை ஸ்பீக்கர்ல போடுங்க."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடு, எடு என்று அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க?" கரகரத்த ஒரு பெண் குரல், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்தியது. "கை ஈரமா இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க."

"ஆத்துல இப்ப அளவு என்னம்மா?"

"நீங்க யாரு? எனக்கு கட்டுப்பாட்டு அறை அக்கா குரல் தெரியும். இது அது இல்லையே?"

"நான்... சட்டமன்றக் கமிட்டித் தலைவர்."

"நான் மகாராணி. வேலை நேரத்துல விளையாடாதீங்கம்மா." வைக்கப் போனாள் போலிருக்கிறது. "அளவு கேட்டா யாருக்கும் இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு உத்தரவு, அதனால சொல்றேன். ரெண்டு நாப்பது."

இப்போது கத்திரிக்கோலின் குரல், பிடித்துவிட்ட மகிழ்ச்சியோடு: "வலைத்தளத்துல ரெண்டு முப்பத்தாறுன்னு இருக்கே? கருவி ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க!"

"அது நான் பன்னண்டு மணிக்குச் சொன்ன அளவுங்க! அதுக்கப்புறம் நாலு சென்டிமீட்டர் ஏறியிருக்கு. மேல எங்கயோ மழை. மூணைத் தொட்டா நானே கூப்பிட்டுச் சொல்வேன், தெருவுல மைக்கு வைப்பாங்க."

"அப்ப கம்பத்து மேல இருக்கிற பெட்டி?"

"அதுல குருவி குடியிருக்கு. குஞ்சு பொரிச்சிருக்கு. கிட்ட போனா தாய்க்குருவி தலையைக் கொத்துது. போன வருஷமும் இதே கதைதான்."

தலைவி கேட்டார்: "உங்க வேலைக்குப் பேரு என்னம்மா?"

"கார்டுல புல்லு வெட்டுறதுன்னு இருக்கு. வெட்டுவேன், மறைக்கிற மாதிரி வளந்தா. வச்சிடட்டுங்களா? தண்ணியில நிக்கறேன்."

போன் வைக்கப்பட்டது.

கதவுக்கு வெளியே அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. சிரிப்பும் முட்டியது. எது முதலில் வரும் என்று தெரியவில்லை. பணியாளர் தன் பெஞ்சு முனையிலிருந்து எழுந்து, மூலையில் இருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினார்.

"குடிங்க மேடம். உள்ள யாரும் பேசல. யாரும் பேசலன்னா நல்லதுன்னு அர்த்தம். இருபது வருஷ அனுபவத்துல சொல்றேன்."

கதவு திறந்தது. கத்திரிக்கோலே நின்றார். முகத்தில் கடுகைப் போட்டால் வெடித்திருக்கும்.

"உள்ள கூப்பிடறாங்க."

* * *

தலைவி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பரீட்சைத் தாளோடு கூப்பிடப்பட்ட மாணவியாக அவள் நின்றாள்.

"நூத்திப் பதினேழை எடுத்தாச்சு. அந்தக் கடிதத்தை அனுப்பின துறைக்கு, அறுபத்திநாலு பேர்கிட்டயும் இன்னிக்கே திரும்ப வாங்கச் சொல்லியாச்சு. வேலைக்குப் பேரும் மாறும். ஆத்து அளவு பார்ப்போர். சரியா?"

"சரி மேடம்." மறுபடி சொன்னாள். "ரொம்பச் சரி மேடம்."

"இருங்க, முடியல. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தாப்புல பூஜ்யம் போட்டது மொத்தம் எத்தனை?"

"நூத்தி நாப்பத்திமூணு."

"அதுல எத்தனையை நேர்ல போய்ப் பாத்தீங்க?"

"ஒண்ணு கூட இல்ல. எங்க முறைப்படி..."

"உங்க முறைப்படி ரெண்டு பிள்ளைங்க ஒரே தப்பான விடையை எழுதினா ரெண்டு பேருக்கும் நூத்துக்கு நூறு. என் பள்ளிக்கூடத்துல அதுக்குப் பேரு வேற." நிதானம் தலையைக் குனிந்துகொண்டார். "மூணு மாசம் தர்றேன். மீதி நூத்தி நாப்பத்திரண்டையும் போய்ப் பாருங்க. அதுவரைக்கும் இணைப்பு நாலுல யாரும் கை வைக்கக் கூடாது. நூறு போட்டதுலயும் பத்துக்கு ஒண்ணு பாருங்க. அறிக்கையோட முதல் பக்கத்துல, நீங்க பண்ணின தப்பு என்ன, எப்படி நடந்தது, உங்க கையெழுத்தோட வரணும்."

"வரும் மேடம்."

மூன்று வருட அறிக்கையின் முகப்பிலேயே தன் தப்பு. காலையில் இதைக் கேட்டிருந்தால் சுருண்டு விழுந்திருப்பாள். இப்போது கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிறேன் என்று சொன்னது மாதிரி இருந்தது.

"அப்ப எனக்கு?" என்றார் கத்திரிக்கோல். நிஜமாகவே பாவமாக இருந்தது. "இந்தக் காலாண்டுல நான் எதையாவது குறைச்சாகணும் மேடம். மேல கேப்பாங்க. வெறுங்கையோட எப்படிப் போறது?"

அவரைக் கண்டு யாருக்கும் இரக்கம் வந்து அவள் பார்த்ததில்லை. தனக்கே வரும் என்று நினைத்ததும் இல்லை.

"சார், பெட்டிங்களுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒண்ணு ஓடுது. வருஷாவருஷம் பணம் போகுது. அறுபத்திநாலு பேர் கூலியை மாதிரி ரெண்டு மடங்கு. குருவிக் கூட்டைப் பராமரிக்க அவ்வளவு ஆகாது."

கத்திரிக்கோல் பேனாவை எடுத்தார். முகம் பூரித்தது. இரண்டு மடங்கா என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார். "குஞ்சு பறக்கற வரைக்கும் பெட்டியைக் கழட்ட வேணாம்னு எழுதிக்கவா?" என்று கேட்டார், தலையை நிமிர்த்தாமலே.

வெளியே வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.

"அண்ணி? இருக்கீங்களா?"

"இருக்கேன். மூக்கைச் சிந்திட்டிருக்கேன், இரு." சிந்தி முடித்தாள். "காலையில உன்னைத் திட்டினதெல்லாம் திட்டினதுதான். அதை வாபஸ் வாங்க மாட்டேன்."

"வாங்க வேணாம் அண்ணி."

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வாங்க. என் தம்பிகிட்ட சொல்லு, சட்டையைக் கருக்காம போட்டுட்டு வரச் சொல்லு."

நிதானம் படியில் நின்று காத்திருந்தார். நாளைக்கு முதலில் எந்த ஊருக்குப் போவது என்று பட்டியலை எடுத்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நாளைக்கு சார். எல்லாம் நாளைக்கு." அவர் யோசித்தார். "நல்லா இருக்கேன் மேடம்" என்றார். போன வாரம் எப்போதோ அவள் நலம் விசாரித்திருந்தாளாம். படிக்கட்டில் நின்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்; அப்படியொரு சிரிப்பை நான்காம் மாடியில் யாரும் கேட்டதே இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காற்று முகத்தில் அடித்தது. கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தவளுக்கு மூன்றாவதற்கு மேல் எண்ணிக்கை போகவில்லை.

"மேடம். மேடம்! டெப்போ வந்தாச்சு. இதுக்கு மேல வண்டி போகாது."

கண்டக்டர் தோளருகே நின்றார். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. வெளியே வரிசையாகக் காலி வண்டிகளும் அவற்றைக் கழுவும் தண்ணீர்ச் சத்தமும்.

"எங்க இறங்கணும்?"

சொன்னாள்.

"அது ஆறு ஸ்டாப்புக்கு முன்னாடியே போச்சே! எழுப்பியிருப்பேன், நீங்க தூங்கற தூக்கத்தைப் பாத்து எனக்கே மனசு வரல."

"பரவாயில்ல" என்றாள் பூஜ்யம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியில் இறங்கி, வந்த வழியே மெல்ல நடக்கத் தொடங்கினாள்.